காசில் ஓடும் கப்பல்கள்

தண்டையார்பேட்டைக்காரருக்குக் கப்பல் ஒன்றும் புதுமை அல்ல. காசிமேட்டுக் கரையில் நின்றால் விசைப்படகுகள் தெரியும். அவற்றுக்கு அப்பால், துறைமுகத்தில் இடம் கிடைக்கக் காத்து நிற்கும் பெரிய சரக்குக் கப்பல்களும் தெரியும். ஆனால் ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்கு முன் இதே கடலில் ஓடிய கப்பலைப் பார்க்க வேண்டுமா? அதற்கு ஓர் ஈயக் காசு போதும்!

சாதவாகன மன்னர்கள் கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் வெளியிட்ட காசு அது. ஒரு பக்கம் இரண்டு பாய்மரங்கள் கொண்ட கப்பல். மறுபக்கம், கூட்டல் குறியின் நான்கு முனைகளிலும் வட்டம் வைத்தாற்போல ஒரு சின்னம். 'உஜ்ஜயினிச் சின்னம்' என்று அதைச் சொல்லுவார்கள். புலுமாவி, யக்ஞஸ்ரீ சாதகர்ணி ஆகிய அரசர்களின் காலத்தைச் சேர்ந்த இந்தக் காசுகள் சோழமண்டலக் கரையில் அகப்படுகின்றன.

சென்னை மாகாணத்தில் பெரிய உத்தியோகம் வகித்த ஸர் வால்டர் எலியட், கப்பல் பொறித்த ஈயக் காசுகளைப் பற்றித் தம் நூலில் எழுதினார். தென்னிந்திய நாணயங்கள் பற்றிய அந்த நூல் 1886-இல் வந்தது. அப்போது அவருக்குக் கண் பார்வை பெரும்பாலும் போய்விட்டது! காசுகளைக் குறும்பர், பல்லவர் காலத்தவை என்று அவர் எண்ணினார். பிறகு எழுத்துள்ள காசுகளைப் படித்த அறிஞர்கள் சாதவாகனர் பெயரைக் கண்டார்கள். பல்லவரும் கப்பலை விடவில்லை. ஒரு பக்கம் காளை, மறுபக்கம் கப்பல் என்று அவர்களும் காசு வெளியிட்டிருக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், கடாரம் வரை கப்பல் செலுத்திய சோழரின் காசுகளில் நாம் வழக்கமாகக் காண்பது புலியும் மீனும் வில்லும்தான். கப்பல் இல்லை!

ஒரு பொருளைப் பற்றிக் கொள்ளுங்கள்

பழங்காசு சேர்க்கத் தொடங்குகிறவர் முதலில் செய்யும் காரியம், கையில் கிடைத்ததை எல்லாம் டப்பாவில் போடுவது. பத்து ஆண்டு கழித்துப் பார்த்தால் டப்பா நிறைந்திருக்கும். அது என்ன சொல்கிறது என்று கேட்டால் விடை இராது. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதற்குள்ளேயே தேடினால் விஷயம் வேறாகிறது.

கப்பலையே எடுத்துக்கொள்ளலாம். சாதவாகனர், பல்லவர் என்று தொடங்கி வெளிநாட்டுக்கும் போகலாம். பொனீசிய நகரமான சீதோன் தன் வெள்ளிக் காசில் போர்க் கப்பலைப் பொறித்தது. ரோமாபுரித் தலைவன் மார்க் அந்தோணி, கி.மு. 32, 31-இல் தன் படைகளுக்குச் சம்பளம் கொடுக்க அடித்த வெள்ளிக் காசிலும் துடுப்புக் கப்பல் உண்டு. நம் பத்து ரூபாய் நோட்டில்கூட ஒரு காலத்தில் பாய்மரக் கப்பல் ஓடியது, பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.

எல்லாவற்றையும் வாங்கப் பணம் வேண்டுமே என்று மலைக்க வேண்டாம். வாங்க முடியாததற்குப் படம் வைத்து, பக்கத்தில் குறிப்பு எழுதலாம்.

ஒரே ஒரு கேள்வி

ஒரு பொருளில் ஊன்றித் தேடுவதால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. 'தினமலர்' ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி எடுத்துக்கொண்டது சங்ககாலக் காசு. சங்ககால மூவேந்தர் சொந்தமாகக் காசு அடித்தார்களா என்பதே அப்போது சந்தேகமாக இருந்தது. மன்னன் பெயர் பொறித்த காசு இல்லை என்பதுதான் தடை.

கரூரில் அமராவதி ஆற்று மணலிலும், மதுரைப் பக்கத்திலும் தேய்ந்த சிறு செப்புக் காசுகள் கிடைப்பது வழக்கம். பலருக்கு அவை பழைய செம்பு. அவர் அவற்றைத் தேடித் தேடிப் பார்த்தார். 1980-களில் ஒரு சதுரச் செப்புக் காசு அவர் கைக்கு வந்தது. முன்புறம் குதிரை, பின்புறம் கோடுகளால் ஆன மீன். குதிரைக்கு மேலே தமிழ் பிராமி எழுத்தில் 'பெருவழுதி' என்ற பாண்டியன் பெயர்! அந்த ஒரு காசு, பெயரில்லாமல் கிடந்த மற்ற மீன் காசுகளையும் பாண்டியருடையவை என்று சொல்ல வழி காட்டியது. அவருடைய 'சங்ககாலத் தமிழ் நாணயங்கள்' ஆங்கில நூல் 1997-இல் வெளியாயிற்று. 2021-இல் காலமானார்.

இத்தனை நாள் அந்தக் காசு யார் கண்ணிலும் படாமலா இருந்திருக்கும்? அதே வகைக் காசுகள் எத்தனை உருகிப்போயினவோ, யார் கண்டது!

காயலான் கடையும் புளியும்

பழங்காசுக்கு முதல் எதிரி உலை. தண்டையார்பேட்டையில் காயலான் கடைகளுக்குப் பஞ்சமில்லை. அங்கே செம்பு செம்பு விலைக்குத்தான் போகும். அதிலும் கப்பல் காசு ஈயம். சிறு நெருப்பிலேயே உருகும். வலைக்கு ஈயக்குண்டு கட்டும் கரையில் ஓர் ஈயத் துண்டு அகப்பட்டால், அதை யார் திருப்பிப் பார்ப்பார்கள்?

இரண்டாவது எதிரி வீட்டிலேயே இருக்கிறது. அதுதான் புளி! குத்துவிளக்கைத் துலக்குவதுபோலப் பழங்காசைத் துலக்கினால், பச்சைப் படலத்தோடு எழுத்தும் போய்விடும். பிறகு பளபளக்கும், படிக்கத்தான் முடியாது.

கடற்கரையில் குடியிருப்பவருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. உப்புக் காற்றும் ஈரமும் செம்பைப் பொடிப் பச்சையாக அரிக்கும். ஈயமோ, மரப்பெட்டியிலும் அட்டைப் பெட்டியிலும் கசியும் புளிப்பு ஆவியால் வெள்ளைத் தூளாகிவிடும். ஆகவே ஈரம் புகாத, அமிலமில்லாத உறையில் வைப்பது நல்லது.

உறையின்மேல் காசு கிடைத்த ஊரைக் குறிப்பது எல்லாவற்றையும்விட முக்கியம். ஊர் தெரியாத காசு முகவரி இல்லாத கடிதம். கப்பல் காசு கடற்கரை ஊரில் கிடைத்தது என்று யாரோ எழுதி வைத்ததால்தானே, அதைக் கடல் வாணிபத்தோடு சேர்த்துப் பேச முடிகிறது! விற்பவர் ஊரைச் சொல்லத் தயங்கினால் வாங்காதிருப்பதே மேல். போலிக் காசு வார்ப்பவர்களும் இருக்கிறார்கள். வார்த்த காசில் விளிம்பைச் சுற்றி அரம் தேய்த்த தடமும், முகத்தில் சிறு குமிழிகளும் சில சமயம் காட்டிக்கொடுக்கும்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். நிலத்தில் புதைந்திருந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறு ஆண்டு கடந்த காசுகளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுப்பதில்லை.

முன்பெல்லாம் காசு தேடுகிறவர்கள் மூர் மார்க்கெட்டுக்குப் போவார்கள். 1985-இல் அது தீக்கிரையாயிற்று. இப்போது கண்ணைப் பழக்க நல்ல இடம் எழும்பூர் அரசு அருங்காட்சியகம்தான். 1851-இல் தொடங்கிய அதில் நாணயப் பகுதி தனியே உண்டு. வாங்குவதற்கு முன் நாலைந்து தடவை அங்கே போய் நின்று பார்க்கலாம். வெள்ளிக்கிழமை விடுமுறை.