கலாசாலைக் கட்டடம் எழும் வகை

கட்டடம் என்றவுடன் நம் கண்முன் நிற்பன சுவரும் தூணும் கூரையுமே. அவை மண்ணில் எழுவதற்கு முன்னர்த் தாளில் எழுந்த கணக்கையும், கணக்கிற்கு முன்னர் நடந்த ஆலோசனையையும் நாம் காண்பதில்லை. தாழ்வாரத்தில் சாரம் கட்டப்பட்டிருக்கக் கண்டால், "இவ்விரைச்சல் எந்நாள் ஒழியுமோ!" என்று சலித்துக்கொண்டு வகுப்பிற்குள் நுழைந்துவிடுகின்றோம். தமிழ் பயில்வானுக்குக் கொத்துவேலையில் என்ன நாட்டம் என்று நண்பர் சிலர் நகைத்தலும் கூடும். என் பாட்டனார் திருவள்ளூரை அடுத்த சிற்றூரில் கொத்தனாராய் வாழ்ந்தவர். கரணையும் தூக்குக்குண்டும் என் இளமையின் விளையாட்டுக் கருவிகள். ஆதலின் இப்பொருள்பற்றிச் சில கூறத் துணிந்தேன்.

வீடு கட்டுவோன் தன் குடும்பத்திற்கெனக் கட்டுகின்றான்; குடியேறும் முன்னரே வேலையும் முடிந்துவிடுகின்றது. கலாசாலையோ அத்தகையதன்று. ஒருபுறம் பாடம் நடக்க, மறுபுறம் கட்டடம் எழும். இன்று கட்டும் அறையில் பயில வேண்டியவர் இன்னும் பிறவாதவர். எனவே அவர்க்காக முன்னறிந்து எண்ணுதலே கலாசாலைக் கட்டடப் பணியின் முதற் கடமையாம்.

இதற்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டு நம் மாகாணத்திலேயே உண்டு. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1837-இல் சிறு பள்ளியாகத் தொடங்கி, நெடுங்காலம் நகரின் நடுவே, உயர்நீதிமன்றத்திற்கு எதிரே இயங்கிவந்தது. நகர் வளர வளர நெருக்கடியும் வளர்ந்தது. நூறாண்டு நிறைந்த 1937-இல் அது தாம்பரத்தில் முந்நூற்றைம்பது ஏக்கருக்கு மேற்பட்ட காட்டு நிலத்திற்குக் குடிபெயர்ந்தது. ஹென்றி ஷேட்டி என்னும் சுவிட்சர்லாந்து நாட்டுக் கட்டடக் கலைஞர் கட்டடங்களை வகுத்தார். ஈண்டுக் கருதத்தக்கன மூன்று. முதலாவது, சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார ரயில் 1931-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. ஆகவே நகரைவிட்டு விலகியும் நகரோடு தொடர்பு அறவில்லை. இரண்டாவது, வகுப்பறைகளோடு மாணவர் விடுதிகளும் ஆசிரியர் இல்லங்களும் ஒரே திட்டத்துள் அடங்கின. மூன்றாவது, மரங்கள். வேதியியற் பேராசிரியர் எட்வர்டு பார்ன்ஸும் அவர்தம் துணைவியார் ஆலிஸ் அம்மையாரும் அந்நிலத்தின் செடிகொடிகளைப் பேணி வளர்ப்பதில் பேருழைப்பு உழைத்தனர். சுவரை மூன்று திங்களில் எழுப்பலாம். நிழலை எழுப்ப முப்பது ஆண்டு வேண்டும். இதனை உணர்ந்தோர் கட்டடத்தோடு மரத்தையும் உடன் திட்டமிடுவர்.

நிற்க. இடம் அமைந்தபின் எண்ணத்தக்கது காலம். ஜூன் திங்களில் புதுக்கட்டடம் திறக்கப்பட வேண்டுமெனின், ஜூனிலிருந்து பின்னோக்கி எண்ணுதல் வேண்டும். காங்கிரீட்டின் வலிமையை இருபத்தெட்டாம் நாளில் சோதித்து அறிவது வழக்கம். பதினைந்து சென்டிமீட்டர் கன சதுரமாக வார்த்துவைத்த கட்டிகளைப் பொறியில் இட்டு நசுக்கி, எவ்வளவு பளுவைத் தாங்கும் என அளப்பர். தளத்தின் கீழ் நிறுத்திய முட்டுகளையும் அகலத்திற்கேற்ப ஒரு வாரமோ இரு வாரமோ கழித்தே நீக்குதல் வேண்டும். இந்நாள்களை எவ்வளவு பணம் கொடுத்தும் சுருக்க இயலாது. நீர்க்குழாய் பதியாமல் தரை போட முடியாது. தரை போடாமல் கதவின் அடியை அறுக்க முடியாது. இவ்வாறு ஒன்றையொன்று பற்றி நிற்கும் வேலைகளைச் சங்கிலிபோல் எழுதிப் பார்த்து, எச்சங்கிலி மிக நீண்டதோ அதன்மேல் கண் வைத்தல் வேண்டும். அதில் ஒருநாள் தவறினால் முடிவிலும் ஒருநாள் தவறும். ஏனையவற்றில் சிறிது தவறினும் கேடில்லை. இம்முறையை 1950-களின் பிற்பகுதியில் அமெரிக்கப் பொறியாளர் கணக்காக வகுத்தனர். என் பாட்டனாருக்கு இக்கணக்குத் தெரியாது. ஆயினும், "எது நின்றால் எல்லாம் நிற்குமோ அதை முதலில் பார்" என்பது அவர் வாய்மொழி.

அடுத்தது பொருள். சென்னைச் சுற்றுப்புறத்தில் எழும் கட்டடங்கள் பலவற்றிற்குத் திருவள்ளூர் மாவட்டம் பண்டகசாலை எனலாம். செங்கல் சூளைகள் இங்கு மிகுதி. தை முதல் ஆனி வரை சூளைகள் புகையும். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் பச்சைக்கல் காயாது, சூளையும் எரியாது. இதனை அறியாது ஐப்பசியில் கல் தேடுவோர் மிகை விலை கொடுப்பர். அல்லது வேகாத கல்லை வாங்கி ஏமாறுவர். நல்ல கல்லை அறிய வழி எளிது. இரு கற்களை ஒன்றோடொன்று தட்டினால் வெண்கலம்போல் ஒலித்தல் வேண்டும். ஒருநாள் முழுதும் நீரில் ஊறவைத்து எடுத்தால், தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கிற்கு மேல் நீரை உறிஞ்சலாகாது. அத்திப்பட்டினை அடுத்த வடசென்னை அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரித்து எஞ்சும் சாம்பலும் இப்பொழுது கல்லாகின்றது. அதனால் வயல் மண்ணும் ஏரி மண்ணும் ஓரளவு காக்கப்படுகின்றன.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலைகள் பல உள. பழைய இரும்பை மின்னுலையில் உருக்கி, வார்த்து, உருளைகளுக்கிடையே செலுத்திக் கம்பியாக நீட்டுவர். செந்தழலாய் வரும் கம்பியின்மேல் நீரைப் பாய்ச்சியவுடன் புறம் இறுகும்; அகமோ மெல்லக் குளிர்ந்து வளையும் தன்மையோடு இருக்கும். புறத்தில் உறுதியும் அகத்தில் நெகிழ்வும் உடைய இக்கம்பி, பளுவையும் அதிர்ச்சியையும் ஒருங்கே தாங்கும்.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். குறைந்த தொகை கேட்ட கண்டிராக்டருக்கே வேலையை ஒப்புவிப்பது சிக்கனம்போல் தோன்றும். ஆனால் எஸ்டிமேட்டில் எழுத மறந்த ஒவ்வொன்றும் பின்னர் 'அதிகப்படி வேலை' என்னும் பெயரில் திரும்பி வரும். ஆகவே வேலை தொடங்குமுன் வரைபடம் முழுமையுறுதல் வேண்டும். முடிந்த வேலையை இரு தரப்பாரும் கூடி அளந்து, அளவுப் புத்தகத்தில் அன்றே பதிதல் வேண்டும். தொகையில் ஒரு பகுதியை ஒரு மழைக்காலம் கழியும் வரை நிறுத்திவைத்தல் நன்று. கூரையைச் சோதிக்க மழையைவிடச் சிறந்த பரீட்சகர் இல்லை.

புதிது கட்டுதலினும் பழையதைச் செப்பனிடுதல் அரிது. நான் முன்னர்ப் பயின்ற பள்ளி ஒன்றில் பழஞ்சுவர் ஒன்று பொரிந்து உதிர்ந்தது. அதன்மேல் சிமிட்டியை இழைத்து வெள்ளையடித்தனர். பார்வைக்கு அழகாகவே இருந்தது. அடுத்த கார்காலத்தில் பூச்சு முழுதும் பாளம் பாளமாகப் பெயர்ந்து, மாணவர் அமரும் பலகையின்மேல் வீழ்ந்தது. விடுமுறை நாளாதலின் எவர்க்கும் ஊறு நேரவில்லை. என் பாட்டனார் வந்து சுவரை விரலால் சுரண்டிப் பார்த்து, "இது சுண்ணாம்புச் சுவர்; இதற்கு மூச்சு வேண்டும். மேலே சிமிட்டியைப் பூசி மூச்சை அடைத்துவிட்டார்கள்" என்றார். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் குழைத்த பழஞ்சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை ஏற்று மெல்ல வெளிவிடும். சிமிட்டியோ அதனைப் பெரிதும் தடுக்கும். வழியற்ற ஈரம் உள்ளேயே உப்பாய்ப் பூத்துப் பூச்சைத் தள்ளிவிடுகின்றது. நோய் இன்னதென அறியாது மருந்திட்டால் நேர்வது இதுவே. ராபர்ட் சிஷோம் வகுத்து 1874 முதல் 1879 வரை கட்டப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகச் செனெட் மண்டபம், நெடுநாள் சிதைந்து கிடந்தபின், பல்கலைக்கழகத்தின் நூற்றைம்பதாம் ஆண்டினையொட்டிச் செப்பனிடப்பெற்றது. இடித்துப் புதிது கட்டுவது எளிதாயிருந்தும் பழையதைப் பேணியோர் நம் நன்றிக்கு உரியர்.

இறுதியாக ஒன்று. திருவள்ளூர்ச் சூளைகளில் கல் அறுப்போர் பலர் ஒடிசாவிலிருந்து முன்பணம் பெற்றுக் குடும்பத்தோடு வருபவர். கொத்தடிமை முறையை 1976-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. ஆயினும் அதன் பின்னரும் இம்மாவட்டச் சூளைகளிலிருந்து குடும்பங்கள் மீட்கப்பட்ட செய்திகளைக் கேட்டிருக்கின்றோம். சிறுவனாய் இருந்தபொழுது பாட்டனாரோடு ஒரு சூளைக்குச் சென்றேன். என் வயதுச் சிறுமி ஒருத்தி காய்ந்த கற்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நான் பள்ளிச் சீருடையில் நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பேச இருவர்க்கும் பொதுமொழி இல்லை. பள்ளி செல்லாத பிள்ளை புரட்டிய கல்லால் பள்ளி கட்டுதல் தகுமோ? இவ்வினா அன்று முதல் என்னை விட்டு நீங்கவில்லை.

கல்லின் ஒலியைக் கேட்டு வாங்குகின்றோம். கம்பியின் உறுதியை அளந்து வாங்குகின்றோம். இக்கல் யார் கையால், எந்நிலையில் அறுக்கப்பட்டது என்று மட்டும் கேட்பதில்லை. கலாசாலைகள் கேட்கலாம். ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்: கூலி முறையாகக் கொடுக்கப்படுகின்றதா, குழந்தைகள் பள்ளி செல்கின்றனரா என்று காட்டும் சூளையிடமே கல் கொள்வோம் என்பது அவ்வரி. வேலைத்தலத்தில் தலைக்கவசமும், குடிநீரும், பெண்டிர்க்கு மறைவிடமும் உண்டா என்பதை மாணவராகிய நாமே பார்த்துச் சொல்லலாம்.

அடுத்தமுறை தாழ்வாரத்தில் சாரம் கட்டப்பட்டிருக்கக் கண்டால், நண்பர்களே, சிறிது நின்று பாருங்கள். அங்குள்ள கொத்தனாரிடம் இரண்டு சொல் பேசுங்கள். நூலகத்தில் கிடையாத பாடங்கள் சில அவரிடம் கிடைக்கும். எனக்குக் கிடைத்தன.