மேய்ப்பருக்கு லைசென்ஸ்: கணக்கு யாரிடம்?

அமெரிக்காவில் ஒருசில மாநிலங்கள் மட்டுமே ஆயர் ஆலோசகர்களுக்கென்று தனி உரிமம் வைத்திருக்கின்றன. அவற்றில் ஒன்று டென்னஸி. அங்கே ‘கிளினிக்கல் பாஸ்டரல் தெரபிஸ்ட்’ என்று பெயர்ப்பலகை மாட்ட அரசு லைசென்ஸ் வேண்டும். இறையியலும் உளச்சிகிச்சையும் சேர்த்துக் கற்றவர் இவர். ஆன்மா சமாச்சாரத்தில் அரசுக்கு என்ன வேலை என்று நம் ஆட்கள் உடனே கேட்பார்கள். கேட்கட்டும். ஆனால் விஷயம் அவ்வளவு லேசில்லை.

ஃபூக்கோ 1978இல் ஆற்றிய உரைகளில் மேய்ப்பர் அதிகாரம் பற்றிப் பேசுகிறார். மேய்ப்பர் மந்தை முழுவதையும் காக்க வேண்டும். ஒவ்வொரு ஆட்டின் மனசையும் தனித்தனியே அறிந்திருக்கவும் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கணக்குச் சொல்லியாக வேண்டும். யாரிடம்? கடவுளிடம். ஆடு கணக்குக் கேட்க முடியாது. லைசென்ஸ் கைவைப்பது இந்த இடத்தில்தான்.

கலிஃபோர்னியாவில் சபைப் போதகர்களிடம் ஆலோசனை பெற்றுவந்த ஓர் இளைஞர் 1979இல் தற்கொலை செய்துகொண்டார். பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். உரிமம் பெற்ற சிகிச்சையாளர் அல்லாத அப்போதகர்களுக்கு, தற்கொலையைத் தடுக்கவோ அவரை மருத்துவரிடம் அனுப்பவோ சட்டப்படியான கடமை இல்லை என்று 1988இல் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உரிமம் இல்லை, ஆகவே பொறுப்பும் இல்லை. உரிமம் பெற்றவர் மீதோ வாரியத்தில் புகார் கொடுக்கலாம், உரிமமே பறிபோகலாம்.

சரி, உரிமத்துக்கு என்ன தகுதி? 1963இல் தொடங்கி, 2019இல் வேறொரு அமைப்போடு இணைந்துவிட்ட அமெரிக்க ஆயர் ஆலோசகர் சங்கம் சொல்லிவந்த அளவுகோல்: இறையியல் பட்டம், அதற்கு மேல் சிறப்புப் படிப்பு, 1,375 மணி நேர ஆலோசனை அனுபவம், 250 மணி நேர மேற்பார்வை. எல்லாம் மணிக் கணக்கு.

இந்தப் பயிற்சியின் மூலவர்களில் ஒருவர் ஆன்டன் பாய்சன். 1920இல் மனநோயாளியாக அடைக்கப்பட்டவர். 1924இல் வொர்ஸெஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில் சாப்ளினாகச் சேர்ந்து, அடுத்த ஆண்டே இறையியல் மாணவர்களை அங்கே வரவழைத்தார். புத்தகத்தைப் படிக்கிற கவனத்தோடு நோயாளியைப் படியுங்கள் என்றார். பித்துநிலைக்குள் போய்த் திரும்பியவனின் அறிவை எத்தனை மணி நேரம் என்று கணக்கெழுதுவது?

லைசென்ஸை அறிவுக்கான சான்றிதழாக வாசித்தால் அது நிபுணர்களின் அதிகாரம். பாய்சனை வெளியே நிறுத்தும். சிகிச்சைக்கு வந்தவர் கணக்குக் கேட்கிற இடமாக வாசித்தால் அது ஆட்டின் ஆயுதம். இந்த இரண்டாவது வாசிப்புக்காகவே நான் அதை ஆதரிக்கிறேன்.

ஒரு சிக்கல் மிச்சம். கென்டக்கி, வட கரோலினா சட்டங்கள் இவரைக் ‘கட்டணம் வாங்கும்’ ஆயர் ஆலோசகர் என்றே பெயரிட்டன. அதாவது காசு கைமாறும்போதுதான் சட்டம் எட்டிப் பார்க்கிறது. காசு வாங்காத மேய்ப்பரிடம் யார் போய்க் கணக்குக் கேட்பது?