தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழ் அகதிகளின் சட்டநிலை

தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழ் அகதிகளின் சட்டநிலை என்பது, இலங்கை உள்நாட்டுப் போர் காரணமாக 1983 ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் தஞ்சம் புகுந்த மக்களுக்குக் கிடைக்கும் சட்டப் பாதுகாப்பையும், அவர்களுக்கான உதவிகளையும் குறிக்கும். அகதி என்பதற்கு ஏதிலி என்ற சொல்லும் வழங்குகின்றது. இந்தியாவில் அகதிகளுக்கெனத் தனிச் சட்டம் இல்லை. ஆகையால் இவர்கள் அரசின் உதவிகளைப் பெற்றுவந்தாலும், சட்டத்தின்படி வெளிநாட்டவராகவே கருதப்படுகின்றனர். முகாமிலேயே பிறந்து வளர்ந்தவர்களில் பலருக்கும் இது பொருந்தும்.

வருகை

1983 சூலைக் கலவரத்தைத் தொடர்ந்து மக்கள் படகுகளில் பாக்கு நீரிணையைக் கடந்து இராமேசுவரம் பகுதிக்கு வந்தனர். தமிழ்நாடு அரசின் கணக்குப்படி 1983 முதல் 2012 வரை நான்கு கட்டங்களாக 3,04,269 பேர் வந்தனர். இவர்களில் பலர் பின்னர் நாடு திரும்பினர். 2021 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 58,800 பேர் முகாம்களிலும், 34,000 பேர் காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு வெளியிலும் வாழ்ந்தனர். கும்மிடிப்பூண்டி, பவானிசாகர், திருச்சிராப்பள்ளியின் கொட்டப்பட்டு, விழுப்புரம் மாவட்டத்தின் கீழ்புத்துப்பட்டு, கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் சின்னசேலம் முதலிய இடங்களில் முகாம்கள் உள்ளன.

வந்தவர்கள் முதலில் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டனர். குடியேற்றவாத காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்கள் நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைக்கப்பட்டதும் மண்டபத்திலேயே ஆகும். அத்தொழிலாளர்களின் வழிவந்த மலையகத் தமிழரும் பின்னாளில் அகதிகளாக இங்கு வந்தனர்.

சட்டநிலை

1951 ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையிலும் அதன் 1967 ஆம் ஆண்டு நெறிமுறையிலும் இந்தியா கையொப்பமிடவில்லை. இந்தியாவில் ஆப்கானியர் போன்றோரின் தஞ்சக் கோரிக்கைகளை ஐக்கிய நாடுகள் அகதிகளுக்கான உயர் ஆணையர் அலுவலகம் ஆராய்கின்றது. இலங்கைத் தமிழரையும் திபெத்தியரையும் அரசே நேரடியாகப் பதிவு செய்கின்றது. இவ்வலுவலகத்தின் சென்னைக் கிளை 1992 இல் தொடங்கப்பட்டது. நாடு திரும்புவோர் தம் விருப்பத்துடன் செல்கின்றனரா என உறுதிசெய்வது அதன் முக்கிய பணியாக இருந்தது.

அரசியலமைப்பின் 14, 21 ஆம் உறுப்புரைகள் குடிமக்கள் அல்லாதோருக்கும் பொருந்தும். இதனை உச்ச நீதிமன்றம் 1996 ஆம் ஆண்டு சக்மா மக்கள் தொடர்பான வழக்கில் உறுதிசெய்தது. எனினும் நாட்டில் குடியமரும் உரிமையைத் தரும் 19 ஆம் உறுப்புரை குடிமக்களுக்கு மட்டுமே உரியது.

1946 ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டத்துக்குப் பதிலாகக் குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம் 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதனுடன் வெளியான விலக்கு ஆணையின்படி, 2015 சனவரி 9 வரை தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர், கடவுச்சீட்டோ நுழைவிசைவோ இல்லாமைக்காகத் தண்டிக்கப்படமாட்டார்கள். இவ்வாணை குடியுரிமை வழங்கவில்லை. 2022 இல் இலங்கைப் பொருளாதார நெருக்கடியின்போது வந்தவர்கள் இதில் அடங்கார்.

குடியுரிமை

1955 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தில் பிறந்த நாள் முக்கியமானதாகும்.

* 1987 சூலை 1 க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் எந்நாட்டவராயினும், பிறப்பால் இந்தியக் குடிமகன் ஆவார்.
* அன்றும் அதற்குப் பின்னரும் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் இந்தியராக இருத்தல் வேண்டும்.
* 2004 திசம்பர் 3 முதல் பிறந்தவருக்கு, மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இல்லாதிருத்தலும் வேண்டும்.

செல்லத்தக்க ஆவணமின்றி நுழைந்தவர் சட்டவிரோதக் குடியேறி என வரையறுக்கப்படுவதால், அகதி ஒருவர் இந்தியரை மணந்தாலும் சிக்கல் நீங்குவதில்லை. 1986 இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒருவருக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 இல் உத்தரவிட்டது. அவர் 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். 1987 சூலை 1 அன்றோ அதற்குப் பின்னரோ அதே முகாமில், இலங்கையரான பெற்றோருக்குப் பிறந்தவருக்கு இவ்வுரிமை இல்லை.

2019 ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாக்கிசுத்தான், ஆப்கானித்தான், வங்காளதேசம் ஆகிய நாடுகளிலிருந்து வந்தோருக்கே பொருந்தும். அதில் இலங்கை சேர்க்கப்படவில்லை.

உதவிகள்

மாதாந்திரப் பணக்கொடை, உணவுப் பொருள், வீடு, கல்வி ஆகியவற்றைத் தமிழ்நாடு அரசு வழங்குகின்றது. 2021 ஆகத்து மாதத்தில் 317 கோடி உரூபாய் மதிப்பிலான திட்டங்கள் அறிவிக்கப்பட்டன. இவற்றின்படி 7,469 புதிய வீடுகள் கட்டவும், குடும்பத் தலைவருக்கான பணக்கொடையை 1,000 இலிருந்து 1,500 உரூபாயாக உயர்த்தவும் முடிவு செய்யப்பட்டது. அகதிகள் முகாம்களின் பெயரும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் என மாற்றப்பட்டது.

சா. செ. சந்திரகாசன் 1984 இல் நிறுவிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் கல்வி, நலவாழ்வு, பிறப்புச் சான்றிதழ் முதலிய ஆவணங்களைப் பெறுதல் ஆகியவற்றில் உதவிவருகின்றது. மேற்கூறிய காரணங்களால், பிறந்த நாளையும் இடத்தையும் காட்டும் சான்றிதழ் முகாமில் பிறந்த ஒருவருக்கு மிகவும் இன்றியமையாத ஆவணமாகும்.

இவற்றையும் பார்க்கவும்

* இலங்கை உள்நாட்டுப் போர்
* சிறிமா-சாத்திரி ஒப்பந்தம்
* மலையகத் தமிழர்