வாழைமரம் மறைத்த தூண்கள்: இல்லாத வீட்டைப் பிக்சலில் கீறுவது பற்றி

அம்மம்மாவின் வீட்டை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. 1990 ஜூனில் மயிலிட்டி மக்கள் இடம்பெயர்ந்தபோது நான் பிறந்திருக்கவில்லை. 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகம் விடுவிக்கப்பட்டது. அந்தப் பக்கத்துக் காணிகளும் கட்டம் கட்டமாக விடுபட, நாங்களும் ஒருநாள் போய்ப் பார்த்தோம். வீடு இல்லை. கிணறு இருந்தது. பற்றையை வெட்டிப் பார்த்தால் அத்திவாரத்தின் மூன்று பக்கங்கள் இருந்தன. உடைந்த ஓடுகள் அங்கங்கே கிடந்தன.

அக்காவின் மகன் கைத்தொலைபேசியில் மைன்கிராஃப்ட் விளையாடுபவன். கட்டை கட்டையாக அடுக்கி வீடு கட்டும் விளையாட்டு அது. "பூட்டியின்ர வீடு எப்பிடி இருந்தது மாமா? சொல்லுங்கோ, நான் கட்டுறன்" என்று கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. யாழ்ப்பாணத்தில் அச்சகமொன்றில் வடிவமைப்பு வேலை செய்கிறேன். கண்ணீர் அஞ்சலியும் 31ஆம் நாள் நினைவு மலரும்தான் எங்களுக்கு அதிகம் வரும் வேலை. அடுத்தவர்களின் பழைய படங்களை நாள் முழுவதும் திருத்திக்கொண்டிருப்பவனுக்குத் தன் வீட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது ஒரு மாதிரியாக இருந்தது. அப்படித்தான் அந்த வீட்டைப் பிக்சல் ஓவியமாகக் கீறத் தொடங்கினேன்.

பிக்சல் ஓவியம் என்றால் என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திரையில் தெரியும் எல்லாப் படங்களும் சிறு சதுரங்களால் ஆனவை. 4000க்கு 3000 என்ற அளவில் கைத்தொலைபேசி எடுக்கும் ஒரு படத்தில் ஒரு கோடியே இருபது இலட்சம் சதுரங்கள் இருக்கும். அவற்றை நாங்கள் கவனிப்பதில்லை. பிக்சல் ஓவியத்தில் சதுரங்கள் குறைவு. ஒவ்வொன்றையும் கையால் வைக்கவேண்டும். 1989இல் வந்த கேம் போய் விளையாட்டுக் கருவியின் திரை 160க்கு 144. மொத்தம் 23,040 சதுரங்கள், நான்கே நிறச்சாயல்கள். நான் அந்த அளவையே எடுத்துக்கொண்டு, நிறங்களை மட்டும் பதினாறாகக் கூட்டிக்கொண்டேன்.

சதுரம் குறைவென்றால் வேலையும் குறைவு, பார்த்துக் கீறுவதற்குப் படங்களும் அதிகம் தேவைப்படாது என்று நினைத்தேன். நடந்தது நேர்மாறு. பென்சிலால் கீறும்போது தெரியாத இடத்தை இலேசாகத் தேய்த்து மறைக்கலாம். இங்கே அது முடியாது. ஒரு சன்னல் எட்டுச் சதுர அகலம், பன்னிரண்டு சதுர உயரம் என்றால், அதன் கம்பி நேராக நின்றதா படுக்கையாகக் கிடந்ததா என்று முடிவெடுத்தே ஆகவேண்டும். ஒவ்வொரு சதுரமும் ஒரு பதிலைக் கேட்கும். பதில் தெரியாதபோது கை அருகில் கிடக்கும் ஏதாவதொரு படத்தைத் தேடிப் போகும். பிழை அங்கேதான் தொடங்குகிறது.

இப்படிப் பார்த்துக் கீறுவதற்காகச் சேர்த்து வைப்பவற்றை றெபரன்ஸ் என்பார்கள். நான் மாதிரிப் படம் என்கிறேன். எங்கள் வீட்டில் அப்படி எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. 1990இல் கையோடு கொண்டுவந்த அல்பம் 1995 இடப்பெயர்வில் போய்விட்டது. பிறகுதான் ஒன்று பிடிபட்டது: எங்களிடம் இருந்த படங்கள் போயின, நாங்கள் அனுப்பிய படங்கள் இருக்கின்றன. 1985இல் ஜேர்மனிக்குப் போன பெரிய மாமாவுக்கு அம்மம்மா கடிதத்தோடு படங்களும் அனுப்பியிருக்கிறார். நீங்களும் தேடுவதென்றால் முதலில் வெளிநாட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள். கலியாணவீடு, சாமத்தியவீடு, அந்தியேட்டி என்று கமராக்காரர் வந்துபோன நாட்களை நினைவுபடுத்திக் கேளுங்கள். "வீட்டுப் படம் இருக்கா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள். வீட்டை யாரும் படம் எடுப்பதில்லை. ஆட்களுக்குப் பின்னால்தான் வீடு நிற்கும்.

மாமா அனுப்பிய முதலாவது படம் 1986இல் நடந்த சின்னம்மாவின் சாமத்தியவீட்டுப் படம். வட்ஸ்அப்பில் வந்தது. முன்னால் ஆட்கள், பின்னால் வீட்டின் முகப்பு, வலது ஓரத்தில் சங்கடப்படலையும் அதனருகே சைக்கிளோடு ஒரு பொடியனும். எனக்குத் தேவை முகப்பு. ஆட்களையும் ஓரங்களையும் வெட்டி, கூரையும் சன்னலும் தெரியும் துண்டை மட்டும் வைத்துக்கொண்டு, அதே பெயரில் சேமித்தேன். சில மாதங்களில் கைத்தொலைபேசியையும் மாற்றிவிட்டேன்.

அடுத்த சிக்கல் தூண்கள். சாமத்தியவீட்டுக்காகத் திண்ணைத் தூண்களில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். தூண் எப்படிப்பட்டதென்று தெரியவில்லை. திண்ணை வைத்த பழைய வீடு என்று இணையத்தில் தேடினேன். அழகான படங்கள் வந்தன. பெரும்பாலும் கேரளத்து வீடுகளும் செட்டிநாட்டு வீடுகளும். ஒன்றில் உருண்டையான மரத்தூண்கள் இருந்தன. ஆறு சதுர அகலத்தில், ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலுமாக, உருண்டைத் தூண் பிக்சலில் நன்றாக வரும். வைத்தேன். அம்மம்மாவிடம் காட்டியபோது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "ஓம் மோனை, இதுதான்" என்றார். எனக்குப் பெரிய சந்தோசம்.

அரை வருடம் கழித்து மாமா இன்னொரு படம் அனுப்பினார். அலங்காரம் இல்லாத நாளில் எடுத்தது. தூண்கள் சதுரம், சீமெந்து, அடியில் கட்டை போல அகன்றவை. ஓவியத்தைத் திருத்தி அம்மம்மாவிடம் கொண்டுபோனேன். அவர் ஏற்கவில்லை. "உருண்டைத் தூணல்லோ. அதைப் பிடிச்சுக்கொண்டுதான் உன்ர கொம்மா நடை பழகினவ" என்றார். படத்தைக் காட்டினேன். பேசாமல் இருந்தார். அந்த ஞாபகம் முன்பிருந்தே அவரிடம் இருந்ததா, அல்லது என்னுடைய ஓவியத்தை அரை வருடம் சுவரில் பார்த்துப் பார்த்து வந்ததா? இன்றுவரை எனக்குத் தெரியாது. எண்பது வயது கடந்த ஒருவரின் நினைவுக்குள் எங்கோ கேரளத்துத் தூணொன்றை நான் நட்டுவிட்டேனோ என்ற யோசனை மட்டும் போகவில்லை.

அதன் பிறகுதான் படங்களை ஒழுங்காக வைத்திருக்கத் தொடங்கினேன். இப்போது மூன்று கோப்புறைகள். ஒன்றில் அந்த வீட்டின் படங்கள் மட்டும். இரண்டாவதில் அதே ஊர், அதே காலம், ஆனால் வேறு வீடு. அயலவர்களிடம் கிடைத்தவையும், நூலகம் நிறுவனத்தின் எண்ணிமச் சேகரங்களில் தேடியெடுத்தவையும் அதற்குள். மூன்றாவது, வேறிடத்துப் படங்கள். மூன்றாவதை வைத்திருப்பது பிழையில்லை. பூவரசம் இலையில் வெயில் எப்படி விழும், ஓட்டு வரிசையை எத்தனை சதுரத்தில் காட்டலாம் என்று பார்க்க அது உதவும். ஆனால் வீட்டின் உறுப்பு எதையும் அதிலிருந்து எடுப்பதில்லை.

கோப்புறையில் பிரித்தால் மட்டும் போதாது. கீறும்போது எல்லாம் ஒரே திரையில் கலந்துவிடும். அதற்குப் பியூர்றெஃப் என்ற மென்பொருள் வசதியானது. படங்களையெல்லாம் ஒரு பலகையில் பரப்பி, ஓவியத்துக்குப் பக்கத்தில் எப்போதும் தெரியும்படி வைக்கலாம். நான் ஒவ்வொரு படத்துக்கும் முதலிலேயே பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கரை போட்டுவிடுகிறேன். சிவப்புக் கரைப் படத்தைப் பார்த்துத் தூண் கீறும்போது கை தானாகவே நிற்கும். கிரிட்டாவில் கீறுபவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். மாதிரிப் படத்தை ஓவியக் கோப்புக்குள்ளேயே சேர்க்கவும் முடியும், வெறும் இணைப்பாக வைக்கவும் முடியும். இணைப்பாக வைத்துவிட்டு கோப்புறையை வேறிடத்துக்கு மாற்றினால் படம் காணாமல் போய்விடும். பிக்சலுக்கென்றே உள்ள ஏஸ்பிரைட் காசு கொடுத்து வாங்கவேண்டியது. லிப்ரேஸ்பிரைட், பிக்சலோரமா இரண்டும் இலவசம், தொடங்குவதற்கு அவை தாராளம்.

மாதிரிப் படத்தை அடியில் போட்டு மேலே கீறலாமே என்று கேட்பார்கள். நான் செய்வதில்லை. படம் எடுத்தவர் சரிவாக நின்றிருப்பார், வீடு ஒரு பக்கம் சுருங்கியிருக்கும். அளவுக்கு வேறு வழி இருக்கிறது. அத்திவாரத்தை நாடா பிடித்து அளந்தோம்; முகப்பு 28 அடி. ஒரு சதுரம் மூன்று அங்குலம் என்று வைத்தேன். அப்படியென்றால் முகப்பு 112 சதுரம். ஆறரை அடிக் கதவு 26 சதுரம். 160 சதுர அகலத்துக்குள் வீடும் இருபக்கத்துக் கிடுகுவேலியும் கச்சிதமாக அடங்கின. மண்ணில் கிடக்கும் கல்லும் ஒரு மாதிரிப் படம்தான். அதுவும் சரியாத, மங்காத படம்.

நிறத்துக்கும் இதே கதை. பழைய வர்ணப் படங்களில் சாயங்கள் ஒரே வேகத்தில் மங்குவதில்லை; பல படங்கள் செம்மை பூசியதுபோல் ஆகிவிடும். அதிலிருந்து நிறத்தை உறிஞ்சி எடுத்தால் வேலியும் சிவக்கும், ஆட்களும் சிவப்பார்கள். வட்ஸ்அப்பில் வந்த படத்தில் விளிம்புகளைச் சுற்றி இல்லாத நிறப் புள்ளிகள் வேறு இருக்கும். நான் காணியில் கிடந்த ஓட்டுத் துண்டொன்றைக் கழுவி, வெள்ளைத் தாளில் வைத்து, நிழலில் படம் எடுத்தேன். தாள் வெள்ளையாகத் தெரியும்வரை படத்தைத் திருத்தினால் ஓட்டின் நிறம் ஓரளவு சரியாக வந்துவிடும். மண்ணையும் காய்ந்த பனையோலையையும் அப்படியே எடுத்தேன். பதினாறில் ஏழு நிறங்கள் அந்தக் காணியிலிருந்தே வந்தவை.

பழைய படத்தைத் தெளிவாக்கித் தரும் செயலிகள் பற்றியும் சொல்லவேண்டும். அச்சகத்துக்கு வருபவர்கள் இப்போது அடிக்கடி அப்படிச் செய்த படத்தைக் கொண்டுவருகிறார்கள். தோல் பளபளக்கும், கண் கூர்மையாக இருக்கும், ஆனால் அது செத்தவரின் கண் அல்ல. இல்லாத விபரத்தை அந்தச் செயலி ஊகித்து நிரப்புகிறது. ஆசைக்கு வைத்திருங்கள். அதைப் பார்த்துக் கீறாதீர்கள். மூலப் படம் இருந்த இடத்தில் அதை வைக்கவும் வேண்டாம்.

மூலப் படம் என்றதும் சைக்கிள் பொடியனிடம் திரும்பவேண்டும். ஓவியத்தை அச்சடித்து அம்மம்மாவின் அறையில் மாட்டியிருந்தோம். ஊரில் அயல்வீட்டில் இருந்த அம்மா ஒருவர் சுகம் விசாரிக்க வந்தார். 1996இல் காணாமலாக்கப்பட்ட மகனைத் தேடிக்கொண்டிருப்பவர். அவரிடம் இருப்பது ஓர் அடையாள அட்டைப் படம் மட்டும். பேச்சுவாக்கில் அம்மம்மா, "சாமத்தியவீட்டுப் படத்தில உங்கட பொடியனும் நிண்டவன், சைக்கிளோட" என்றார். அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். நான் மடிக்கணினியைத் திறந்தேன். கூரையும் சன்னலும்தான் இருந்தன. நானே வெட்டி எறிந்துவிட்டேன் என்று அவருக்குச் சொல்லவேண்டியிருந்தது.

மாமாவிடம் கேட்டோம். வீடு மாறியபோது பெட்டிக்குள் போட்டதாம். மூன்று வாரம் தேடி எடுத்தார். இம்முறை கைத்தொலைபேசியால் எடுக்கவேண்டாம் என்று கெஞ்சி, 600 டிபிஐயில் ஸ்கான் செய்து, வட்ஸ்அப்பில் படமாக அல்லாமல் ஆவணமாக அனுப்பச் சொன்னேன். ஆவணமாக அனுப்பினால்தான் சுருங்காமல் முழுதாக வரும். நாலுக்கு ஆறு அங்குலப் படம் 2400க்கு 3600 சதுரமாக வந்தது. அதில் அந்த முகம் ஏறக்குறைய 90 சதுர அகலம். பன்னிரண்டு வயது. பெரிதாக்கி அச்சடித்துக் கொடுத்தேன்.

இப்போது வரும் எந்தப் படத்தையும் முதலில் "மூலம்" என்ற கோப்புறையில் போட்டு, பிரதி எடுத்து, பிரதியில்தான் கைவைக்கிறேன். பெயர் இப்படி இருக்கும்: 1986_மயிலிட்டி_சாமத்தியவீடு_பெரியமாமா_01. யார் தந்தது, எப்போது, படத்தின் பின்பக்கத்தில் என்ன எழுதியிருந்தது, படத்தில் யார் யார், வெளியே காட்டலாமா என்பவற்றை ஒரு சீ.ஆர். கொப்பியில் கையால் எழுதுகிறேன். மூலங்களின் ஒரு பிரதி மடிக்கணினியில், ஒன்று தனி ஹார்ட் டிஸ்க்கில், மூன்றாவது ஜேர்மனியில் மாமாவிடம். ஒரே வீட்டில் எல்லாவற்றையும் வைத்திருந்தால் என்ன நடக்கும் என்று எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை.

இன்னொன்று. கைத்தொலைபேசியால் எடுக்கும் படத்துக்குள் எடுத்த நாளும், இடம் காட்டும் வசதி திறந்திருந்தால் இடமும் பதிவாகும். காணியில் நீங்கள் எடுத்த படங்களுக்கு அது நல்லது, பிறகு தேட உதவும். மூலத்தில் அப்படியே விடுங்கள். மற்றவர்களுக்குக் கொடுக்கும் பிரதியில் அழித்துவிடுங்கள். வேறு குடும்பங்களின் ஆட்கள் நிற்கும் படமென்றால் அவர்களைக் கேட்காமல் எங்கும் போடவேண்டாம்.

ஓவியத்தில் படலையடியில் அந்தப் பொடியனை வைக்கட்டுமா என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். என் அளவில் அவன் 18 சதுர உயரம் வருவான், முகம் இரண்டு மூன்று சதுரம். "சைக்கிள் நிக்கட்டும் தம்பி. அவனைக் கீறவேண்டாம்" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அடுத்ததாக வீட்டின் பின்பக்கத்தையும் கீறத் தொடங்கியிருக்கிறேன். குசினி தனியாக இருந்ததாம், அதற்கு இரண்டு கதவா ஒரு கதவா என்பதில் அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் சண்டை. பச்சைக் கரைப் படம் ஒன்றும் இல்லை. அதனால் அந்தச் சுவரைப் பதினாறு நிறங்களிலும் சேராத ஒரு சாம்பல் நிறத்தில் வெறுமையாக விட்டிருக்கிறேன். அக்காவின் மகன் அதற்குள் கதவு வைக்கச் சொல்லி நச்சரிக்கிறான். மாமா ஆவணியில் வருகிறார். அல்பத்தைக் கையோடு கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.