ஒரு நொதியமும் ஒரு பூச்சி உருண்டையும்

முப்பத்தொரு வருஷம் நான் சாதாரண தர வகுப்புகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்தவன். "நொதியம் என்றால் என்ன?" என்று கேட்டால் என் மாணவர்கள் நித்திரையிலும் ஒப்புவிப்பார்கள்: "உயிர்க்கலங்களில் உண்டாகி, அங்கு நடக்கும் இரசாயனத் தாக்கங்களை விரைவுபடுத்தும் புரதம்." அதற்கு இரண்டு புள்ளி. அந்த இரண்டு புள்ளி விடைக்குள் என்ன இருக்கிறது என்பது எனக்கு விளங்கியது, பென்ஷன் எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்த காலத்தில்தான்.

மகளுக்கு இரண்டாவதாக ஆண்பிள்ளை கிடைத்தது. மூத்தவள் பெண். அவளுடைய சின்ன உடுப்புகளை என் மனைவி பத்திரமாக மடித்து, பூச்சி அரிக்காமலிருக்க வெள்ளை உருண்டைகள் போட்டு அலுமாரியில் வைத்திருந்தார். பிள்ளையை வீட்டுக்குக் கொண்டு வந்த அன்றே அந்த உடுப்புகள் வெளியே வந்தன. ஐந்தாம் நாள் காலையில் மனைவி சொன்னார்: "புள்ளைட கண்ணு மஞ்சளா இரிக்கி. பாலும் சரியாக் குடிக்கிறான் இல்ல."

"எல்லாப் புள்ளைக்கும் வாறதுதான். காலை வெயிலைக் காட்டுங்க, சரிவரும்" என்றார்கள் பார்க்க வந்தவர்கள். நாங்களும் ஒரு நாளை அப்படியே போக்கினோம். அந்தி நேரம் துணி மாற்றும்போது மூத்திரம் பிளேன்டியின் நிறத்தில் இருந்தது. அதற்குப் பிறகு தாமதிக்கவில்லை, ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

பிள்ளையைப் பரிசோதித்த வைத்தியர் முதலில் கேட்ட கேள்வி: "வீட்டில உடுப்புக்குப் பூச்சி உருண்டை பாவிக்கிறீங்களா?"

செங்கண்மாரிக்கும் அலுமாரிக்கும் என்ன தொடர்பு? அந்தத் தொடர்பைச் சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

வடிவமே வேலை

நமது உடல் கோடானுகோடி கலங்களால் ஆனது. ஒவ்வொரு கலத்துக்குள்ளும் ஆயிரக்கணக்கான தாக்கங்கள் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருக்கின்றன. ஆய்வுகூடத்தில் குப்பியைச் சூடாக்கி, அமிலம் ஊற்றிச் செய்கின்ற வேலையை, கலம் வெறும் 37 பாகை வெப்பநிலையில், தண்ணீருக்குள் செய்து முடிக்கிறது. அதைச் செய்பவைதான் நொதியங்கள்.

1897இல் ஜெர்மனியில் எட்வர்ட் புக்னர் என்பவர் மதுவத்தை அரைத்துப் பிழிந்து, உயிருள்ள கலம் ஒன்றுகூட இல்லாத சாற்றை எடுத்தார். அந்தச் சாறு சீனியை நொதிக்கச் செய்தது. கலத்துக்குள் உள்ள ஏதோ பொருள்தான் வேலை செய்கிறது, முழுக்கலம் தேவையில்லை என்பது அன்று உறுதியானது. அந்தப் பொருள் புரதம் என்பதைக் காட்டியவர் அமெரிக்கரான ஜேம்ஸ் சம்னர். அவர் 1926இல் ஒருவகை அவரை விதையிலிருந்து யூரியேஸ் என்ற நொதியத்தைப் பளிங்காகப் பிரித்தெடுத்தார்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோர்த்த மாலை. மணிகள் இருபது வகை. எந்த மணிக்குப் பிறகு எந்த மணி என்ற ஒழுங்கை டிஎன்ஏயில் உள்ள பரம்பரையலகு தீர்மானிக்கிறது. கோர்த்து முடிந்ததும் மாலை நூலாகவே கிடப்பதில்லை. தன் மணிகளின் இயல்புக்கேற்ப மடிந்து சுருண்டு ஒரு திட்டமான வடிவத்துக்கு வருகிறது. அந்த வடிவத்தில் ஒரு சிறு பள்ளம் இருக்கும். நொதியத்தின் வேலை நடக்கும் இடம் அதுதான். தனக்குரிய பொருள் அந்தப் பள்ளத்தில் பொருந்தி உட்கார்ந்தால் தாக்கம் நடக்கும். முடிந்ததும் விளைவு வெளியேறும், நொதியம் அடுத்ததை ஏற்கும்.

வடிவம் போனால் வேலையும் போகும். இதற்குச் சமையலறையே சாட்சி. மாட்டிறைச்சி அவியாவிட்டால் பப்பாசிக்காய்த் துண்டு போடுவோம். காயில் உள்ள நொதியம் இறைச்சிப் புரதத்தை வெட்டிக் கொடுக்கும். அதே காயை முதலில் நன்றாக அவித்துவிட்டுப் போட்டுப் பாருங்கள், ஒன்றும் நடக்காது. வெப்பம் நொதியத்தின் மடிப்பைக் குலைத்துவிட்டது. முட்டை வெள்ளை சட்டியில் இறுகுவதும் இதே கதைதான்.

கிணற்றடியில் நிற்பவன்

இனிச் செங்குழியத்துக்கு வருவோம். ஒட்சிசனைச் சுமப்பது அதன் தொழில். அதற்காக உள்ளே ஈமோகுளோபின் என்ற புரதம் நிறைந்திருக்கிறது. முதிர்ந்த செங்குழியத்துக்குக் கரு இல்லை, இழைமணியும் இல்லை. கரு இல்லாததால் புதிய புரதம் எதையும் அது செய்துகொள்ள முடியாது. பிறக்கும்போது கொண்டுவந்த நொதியங்களை வைத்துக்கொண்டுதான் ஏறக்குறைய 120 நாள் வாழ வேண்டும்.

ஒட்சிசனோடு புழங்குவதில் ஆபத்தும் உண்டு. ஐதரசன் பரவொட்சைட்டு போன்ற தீங்கான பொருட்கள் கலத்துக்குள் இடைவிடாமல் உருவாகின்றன. புண் கழுவும்போது நுரைக்குமே, அதே பொருள்தான். அவை ஈமோகுளோபினைக் கெடுக்கும், கலத்தின் மென்சவ்வையும் அரிக்கும்.

ஊரில் ஒரு குடிசை தீப்பிடித்தால் என்ன செய்கிறோம்? கிணற்றடியிலிருந்து வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றுகிறோம். செங்குழியமும் அதைத்தான் செய்கிறது. வரிசையின் கடைசியில் நின்று தீயை அணைப்பது குளூட்டத்தயோன், மூன்றே அமினோ அமிலங்களால் ஆன சிறு பொருள். ஒருமுறை ஊற்றியதும் அதன் வாளி காலியாகிவிடும். அதை நிரப்பிக் கொடுப்பது என்ஏடிபிஎச் என்ற இன்னொரு பொருள். அந்த என்ஏடிபிஎச்சுக்கு வாளி எங்கிருந்து வருகிறது? குளுக்கோசிலிருந்து. குளுக்கோசின் சிறு பங்கை வேறொரு பாதையில் திருப்பி, அதன் ஐதரசனை எடுத்துக் கொடுப்பவன்தான் கிணற்றடியில் நிற்கும் ஆள். அந்த நொதியத்தின் பெயர் குளுக்கோஸ்-6-பொஸ்பேற்று டிஹைட்ரஜனேஸ். சுருக்கமாக ஜி6பிடி.

மற்றக் கலங்களுக்கு என்ஏடிபிஎச் செய்ய வேறு வழிகளும் உண்டு. செங்குழியத்துக்கு இந்த ஒரே கிணறுதான்.

ஜி6பிடி 515 அமினோ அமிலங்கள் கோர்த்த மாலை. அதை எழுத டிஎன்ஏயில் 1545 எழுத்துகள் வேண்டும். அந்த எழுத்துகளில் ஒன்று மாறினாலும் போதும். மத்தியதரைக்கடல் வகை என்று அழைக்கப்படும் குறைபாட்டில், 188ஆவது இடத்தில் செரீன் இருக்க வேண்டிய இடத்தில் பினைல்அலனீன் வந்து நிற்கிறது. 515இல் ஒரு மணி மாறியதற்கு நொதியம் உறுதி இழந்து சீக்கிரமே குலைந்துபோகிறது. கலம் முதுமை அடைய அடையக் கிணற்றடியில் ஆளில்லாமல் போகிறது.

தீயில்லாத நாளில் இது வெளியே தெரியாது. குறைபாடு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோர் சுகமாகத்தான் வாழ்கிறார்கள். உலகில் சுமார் 40 கோடிப் பேருக்கு இது இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். தீ மூட்டும் பொருளொன்று உள்ளே போனால்தான் பிரச்சினை.

நப்தலீன் உருண்டை அப்படியான பொருள். அதன் ஆவி உடுப்பில் ஊறி, பிள்ளையின் மெல்லிய தோலாலும் மூச்சாலும் உள்ளே போகிறது. ஈரல் அதை உடைக்கும்போது உண்டாகும் பொருட்கள் செங்குழியத்துக்குத் தீ வைக்கின்றன. ஈமோகுளோபின் திரண்டு கட்டிபடுகிறது, கலங்கள் வெடிக்கின்றன. சிந்திய ஈமோகுளோபின் மூத்திரத்தைப் பிளேன்டியாக்குகிறது, மீதி பிலிரூபின் என்ற மஞ்சள் நிறப்பொருளாக மாறுகிறது. பிலிரூபினை வெளியேற்ற ஈரலுக்கு இன்னொரு நொதியம் வேண்டும். பிறந்த பிள்ளையில் அது இன்னும் முழு அளவுக்கு வந்திருக்காது. ஆகவே மஞ்சள் ஏறிக்கொண்டே போகும். அளவு மிஞ்சினால் அது மூளைக்குள் புகுந்து, செவிப்புலனையும் அசைவையும் ஆயுள் முழுக்கப் பாதிக்கும், உயிரையே பறிக்கவும் கூடும். எல்லாப் பிள்ளைக்கும் வருவதுதான் என்று நாங்கள் போக்கிய அந்த ஒரு நாளை நினைத்தால் இன்றும் எனக்குக் கை நடுங்குகிறது.

பேரனை நீல வெளிச்சத்தின் கீழ் கிடத்தினார்கள். அங்கும் வடிவத்தின் கதைதான். நீல ஒளி பட்டதும் பிலிரூபின் தன் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது. அந்தப் புது வடிவம் ஈரலின் அந்த நொதியத்துக்குக் காத்திராமல் வெளியேறக்கூடியது. நான்காம் நாள் மஞ்சள் இறங்கியது. அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை தப்பினான்.

யாருடைய பிழை?

இரத்தச் சோதனை அரைகுறையாக வந்தது. "மூன்று மாதம் கழித்து இன்னொரு தரம் செய்ய வேணும்" என்றார் வைத்தியர். காரணத்தையும் சொன்னார். வெடித்து அழிபவை நொதியம் தீர்ந்த முதிய கலங்கள். மிஞ்சுபவை இளங்கலங்கள், அவற்றில் நொதியம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அந்த நேரத்துச் சோதனை குறையை மறைத்துவிடக்கூடும். இரண்டாவது சோதனையில் ஐயமில்லாமல் தெரிந்தது.

அதற்குள் வீட்டில் வேறொரு தீ மூண்டிருந்தது. "எங்கட குடும்பத்தில இப்பிடி ஒண்டும் இல்ல, தாய்ட பக்கத்தால வந்திரிக்கி" என்று மருமகன் வீட்டார் பக்கம் ஒரு பேச்சு. மகள் என்னிடம் வந்து, "வாப்பா, இது என்ட பிழையா?" என்று கேட்டாள்.

ஜி6பிடியின் பரம்பரையலகு இருப்பது எக்ஸ் நிறமூர்த்தத்தில். பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு, ஆணுக்கு ஒன்றுதான், அதுவும் உம்மாவிடமிருந்து வருவது. பெண்ணுக்கு ஒன்று பழுதானாலும் மற்றது ஈடுகொடுக்கும், சிலருக்கு மட்டும் ஓரளவு குறை தெரியும். ஆணுக்கு ஈடுகொடுக்க இரண்டாவது இல்லை. குறையைக் காவும் தாயின் ஒவ்வொரு மகனுக்கும் அது கிடைக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. "தாயின் பக்கத்தால் வந்தது" என்பது அந்தளவில் சரிதான். ஆனால் தாய்க்கு எங்கிருந்து வந்தது? அவளுடைய உம்மாவிடமிருந்து வந்திருக்கலாம், அல்லது வாப்பாவிடமிருந்து.

நான் போய் என் இரத்தத்தைக் கொடுத்தேன். குறை எனக்குத்தான் இருந்தது. என்னிடமிருந்த ஒரேயொரு எக்ஸை மகளுக்குக் கொடுத்தவன் நான். மகன்மாருக்கு நான் கொடுத்தது வை நிறமூர்த்தம், அவர்களுக்கு இது என்னால் வராது.

அப்போதுதான் பழைய சம்பவம் ஒன்று நினைவில் வந்தது. 1985இல் என் முதல் நியமனம் உலர்வலயத்தில். மலேரியா பிடித்து மாத்திரை குடித்த மூன்றாம் நாள், மூத்திரம் கறுத்து, எழுந்து நிற்க முடியாமல் போனது. "மாத்திரைச் சூடு" என்றார்கள், நானும் நிறுத்திவிட்டேன். மலேரியாவுக்குக் கொடுக்கும் பிரைமகுவின் இந்தக் குறையுள்ளவர்களின் செங்குழியங்களை உடைக்கும் என்பதும், காரணம் ஜி6பிடி என்பதும் 1956இலேயே கண்டறியப்பட்டுவிட்டது. அந்த நொதியம் தன் இரத்தத்தில் குறைவு என்று அறியாமலே நான் 31 வருஷம் நொதியம் படிப்பித்திருக்கிறேன்.

இந்தக் குறை மலேரியா கொடிகட்டிப் பறந்த நிலங்களில்தான் அதிகம். மலேரியாக் கிருமி வளர்வது செங்குழியத்துக்குள். இந்த நொதியம் குறைந்த கலம் கிருமிக்கு வசதியான வீடல்ல. ஆகவே காய்ச்சல் வாரிக்கொண்டுபோன காலங்களில் இக்குறை உள்ளவர்களுக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது என்கிறார்கள் ஆய்வாளர்கள். 1934–35இல் நம் நாட்டில் சுமார் 80,000 பேரைக் கொன்ற மலேரியாவை நினைத்துப் பாருங்கள். நான் ஓய்வுபெற்ற 2016இல்தான் இலங்கை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. நோய் போய்விட்டது, அதற்கு எதிரான பழைய கவசம் இரத்தத்தில் தங்கிவிட்டது.

இதையெல்லாம் இரு வீட்டாரையும் வைத்துக்கொண்டு சொன்னேன். "அப்ப யாரையும் குறை சொல்ல ஏலாது" என்றார் சம்பந்தி.

செய்ய வேண்டியது

இதற்கு மருந்து இல்லை, பெரும்பாலோருக்குத் தேவையும் இல்லை. தவிர்க்க வேண்டியதைத் தவிர்த்தால் போதும்.

நப்தலீன் உருண்டை வேண்டாம். சேமித்த உடுப்புகளைக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்த பின்பே பிள்ளைக்குப் போடுங்கள். பெருநாளைக்கும் கலியாணத்துக்கும் கைக்குழந்தைக்கு மருதோன்றி இடும் பழக்கம் நம்மிடம் உண்டு. மருதோன்றியின் சாயப்பொருளும் இக்குறையுள்ள குழந்தைகளின் இரத்தத்தை உடைத்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. பிள்ளை வளரட்டும், பிறகு இடலாம்.

அரபு நாடுகளில் தொழில் பார்க்கும் நம் பிள்ளைகள் காலையில் சாப்பிடும் 'ஃபூல்' பெரிய அவரை விதையில் செய்வது. இக்குறை உள்ளவர்கள் அதைத் தொடக் கூடாது. மருந்துகளில் பிரைமகுவின், டாப்சோன், மூத்திரக் கிருமிக்குக் கொடுக்கும் நைட்ரோபியூரன்டோயின் ஆகியவை முக்கியமானவை. பட்டியல் இன்னும் நீளும். எந்த வைத்தியரிடம் போனாலும் முதலில் குறையைச் சொல்லிவிட வேண்டும்.

பிறந்த பிள்ளைக்கு மஞ்சள் கண்டால் வெயிலை நம்பி இருக்காதீர்கள், அன்றே காட்டுங்கள். ஒரு பிள்ளைக்கு இக்குறை தெரிந்தால் அவனுடைய சகோதரர்கள், தாய்மாமன்மார், சாச்சி, பெரியம்மாவின் ஆண்பிள்ளைகள் ஆகியோரையும் சோதிப்பது நல்லது.

பேரனுக்கு இப்போது ஆறு வயது. பந்தடிக்கிறான், மாமரம் ஏறுகிறான். அவனுடைய சுகாதாரப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் வைத்தியர் சிவப்பு மையால் 'ஜி6பிடி' என்று எழுதியிருக்கிறார். என் பேர்ஸிலும் அதேபோல் ஒரு அட்டை இருக்கிறது. அலுமாரியில் இப்போது என் மனைவி காய்ந்த வேப்பிலை போடுகிறார்.