மக்குப் பிள்ளை என்று யாரும் இல்லை! திட்டக்குடி வட்டாரப் பள்ளிகள் நினைத்தால் பின்வரிசை முன்வரிசை ஆகும்

திட்டக்குடி:

பையன் ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் எழுத்துக் கூட்டித் திணறுகிறான். கழித்தல் கணக்கில் கடன் வாங்கத் தெரியவில்லை. ஆனால் அவனுடைய அப்பா கடன் வாங்கித்தான் அவனுக்கு நோட்டு வாங்கிக் கொடுத்தார்!

இப்படிப்பட்ட பிள்ளைகள் திட்டக்குடியில் மட்டும் அல்ல, தமிழ்நாடு முழுவதும் இருக்கிறார்கள். "என் பையனுக்குப் படிப்பு ஏறல சார்" என்று தகப்பன் சொல்கிறான். "வீட்டுல கவனிக்கிறது இல்ல" என்று பள்ளிக்கூடம் சொல்கிறது. இருவருக்கும் நடுவில் பையன் நிற்கிறான்.

குற்றம் யாருடையது?

படிப்பு ஏறவில்லையா? அல்லது ஏற்ற ஆள் இல்லையா?

வானம் பார்த்த பிழைப்பு

விருத்தாசலத்தில் இருந்து தொழுதூர் போகும் சாலையில், வெள்ளாற்றங்கரையில் இருக்கிறது திட்டக்குடி. வெலிங்டன் ஏரியில் தண்ணீர் இருந்தால் பாசனம் உண்டு. மற்ற இடங்களில் மழையை நம்பித்தான் பிழைப்பு. கூலி வேலை இல்லாத மாதங்களில் ஏழைக் குடும்பம் என்ன செய்யும்? கரும்பு வெட்டவோ, செங்கல் சூளைக்கோ மூட்டை கட்டும். பெரியவர்கள் போனால் பிள்ளையும் போகும். இரண்டு மாதம் கழித்து வந்து உட்காரும்போது, பாடம் பத்துப் பக்கம் தாண்டிப் போயிருக்கும்.

வசதி உள்ள வீட்டுப் பிள்ளைக்கு டியூஷன் இருக்கிறது. படித்த அம்மா இருக்கிறாள். கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தை விட்டால் வேறு கதி இல்லை. அதனால்தான் பள்ளிக்கூடம் என்ன செய்கிறது என்பது முக்கியம்.

முதலில் வயிறு

பசித்த பிள்ளைக்கு வாய்ப்பாடு ஏறாது. இதை அன்றே புரிந்துகொண்டது நம் ஊர். 1920-ல் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டார்கள். 1956-ல் காமராஜர் மதிய உணவை மாநிலம் எங்கும் கொண்டுபோனார். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவு ஆக்கினார். 2022-ல் அரசு தொடக்கப் பள்ளிகளில் காலைச் சிற்றுண்டி தொடங்கி, 2023-ல் மாநிலம் முழுவதும் வந்தது. வெறும் வயிற்றோடு வந்த பிள்ளைக்கு இப்போது உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் கிடைக்கின்றன.

சாப்பாடு பிள்ளையைப் பள்ளிக்கு வரவழைக்கும். ஆனால் வந்த பிள்ளைக்குப் படிப்பு வர வேண்டுமே! அதற்குச் சோறு மட்டும் போதாது.

நந்தனார் பள்ளி காட்டிய வழி

வழி தெரியாதா? நம் கடலூர் மாவட்டத்திலேயே நூறு ஆண்டுக்கு முன் ஒருவர் வழி காட்டிவிட்டார்.

சுவாமி சகஜானந்தா. தாழ்த்தப்பட்ட பிள்ளைகளை மற்ற பள்ளிகளில் சேர்க்கத் தயங்கிய காலம் அது. 1916-ல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். பாடம் மட்டும் சொல்லிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. தங்க இடம் கொடுத்தார், சாப்பாடு போட்டார், படிக்க வைத்தார். வீட்டில் இல்லாததைப் பள்ளிக்கூடம் கொடுத்தது. அவ்வளவுதான் ரகசியம்.

கொரோனா காலப் பாடம்

கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ந்தேதிதான். ஒன்றரை ஆண்டுக்கு மேல்! செல்போன் உள்ள வீட்டுப் பிள்ளை ஏதோ கொஞ்சம் படித்தது. இல்லாத வீட்டுப் பிள்ளை படித்ததையும் மறந்தது.

அப்போதுதான் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது. 2021 அக்டோபரில் முதலில் 12 மாவட்டங்களில் தொடங்கியபோது அதில் கடலூர் மாவட்டமும் ஒன்று. தெருவில் படித்த ஒரு பெண். அவளைச் சுற்றிச் சுமார் இருபது பிள்ளைகள். மாலையில் ஒன்றரை மணி நேரம். திண்ணையோ கோயில் மண்டபமோ, எங்கு இடம் கிடைக்கிறதோ அங்கே பாட்டு, கதை, கணக்கு. அந்தத் தன்னார்வலருக்கு மாதம் 1000 ரூபாய்.

பலன் கிடைத்ததா? கிடைத்தது. பொருளாதார ஆய்வாளர்கள் தமிழகக் கிராமங்களில் சுமார் 19 ஆயிரம் பிள்ளைகளைச் சோதித்தார்கள். பள்ளி திறந்து ஆறு மாதத்தில், இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. அப்படித் திரும்பியதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இந்த மாலை வகுப்பினால் வந்தது என்று கணக்குச் சொன்னார்கள்.

'மண்டையில் ஏறாது' என்று சொன்னோமே, அதே பிள்ளைகள்தான்! ஆள் வைத்துச் சொல்லிக் கொடுத்ததும் ஏறியது.

வகுப்பைப் பார்க்காதே, நிலையைப் பார்!

இன்னொரு உண்மையும் உண்டு. ஐந்தாம் வகுப்பில் நாற்பது பேர் என்றால் நாற்பது பேரும் ஒரே நிலையில் இல்லை. ஆனால் பாடம் ஒன்றுதான். முன்வரிசை தலையாட்டும். பின்வரிசை சுவரைப் பார்க்கும். பாடத்தை முடிக்க வேண்டிய அவசரத்தில் வாத்தியாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்.

2001 முதல் 2003 வரை மும்பையிலும் வடோதராவிலும் ஒரு சோதனை நடந்தது. பின்தங்கிய பிள்ளைகளைத் தினம் இரண்டு மணி நேரம் தனியாக உட்கார வைத்தார்கள். உள்ளூர்ப் பெண்கள் எழுத்தும் எண்ணும் சொல்லிக் கொடுத்தார்கள். மதிப்பெண் கண்ணுக்குத் தெரியும்படி ஏறியது. அந்த ஆய்வில் இருந்த அபிஜித் பானர்ஜிக்கும் எஸ்தர் டுப்லோவுக்கும் 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது. வறுமை ஒழிப்புக்கு இப்படிச் சோதனை செய்து வழி கண்டதற்காகத்தான் அந்தப் பரிசு.

தமிழ்நாட்டிலும் 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்தார்கள். 2025-ல் 6 முதல் 9-ம் வகுப்பு வரை அடிப்படை தெரியாத பிள்ளைகளுக்காகத் 'திறன்' திட்டம் வந்தது. வழி சரிதான். ஆனால் பெயர்ப் பலகை பாடம் நடத்தாது. அரும்பு எப்போது மொட்டு ஆனது என்று மாதா மாதம் யாராவது பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் அரும்பு அரும்பாகவே உதிரும்.

சுடுவதற்கு முன்பே...

விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர் போன ஊர். களிமண் ஈரமாக இருக்கும்போதே விரிசலைத் தடவிச் சரி செய்துவிட வேண்டும். சூளைக்குள் போய் வந்த பிறகு ஒட்டாது.

பிள்ளை பீங்கான் அல்ல, எந்த வயதிலும் தேறும். என்றாலும் சீக்கிரம் கவனித்தால் செலவு குறைவு. தமிழ்நாட்டில் 320 அங்கன்வாடிகளை எடுத்து ஒரு சோதனை செய்தார்கள். அவற்றில் சிலவற்றுக்கு அரை நாள் வேலைக்குக் கூடுதலாக ஓர் ஆள் போட்டார்கள். பாடம் சொல்லும் நேரம் இரு மடங்கானது. பிள்ளைகளின் கணக்கும் மொழியும் உயர்ந்தன. ஊட்டச்சத்துக் குறைவும் குறைந்தது. ஓர் ஆள், இரண்டு பலன்!

பள்ளி செய்ய வேண்டியது

ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரமே ஒவ்வொரு பிள்ளையையும் வாசிக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். பின்தங்கியவர்களுக்குத் தினம் ஒரு மணி நேரம் தனியாக ஒதுக்க வேண்டும். மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு ஆள் போக வேண்டும். ஊர் விட்டுப் போய்த் திரும்பிய பிள்ளைக்கு, விட்ட பாடத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அடிக்கிற குச்சியோ புதுக் கட்டிடமோ இதற்குத் தேவை இல்லை.

மேலே போகும் வழியையும் பள்ளிதான் காட்ட வேண்டும். எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய் வழித் திறன் தேர்வில் தேறினால், 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12 ஆயிரம் ரூபாய். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம், 2020 முதல். கல்லூரிக்குப் போனால் பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய். கூலிக்காரத் தகப்பனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

உங்களுக்கும் வேலை உண்டு

கடைக்காரரே! பள்ளி நேரத்தில் பொட்டலம் கட்ட வந்து நிற்கும் பையனை "போடா பள்ளிக்கூடத்துக்கு" என்று விரட்டுங்கள். 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம்.

ஆபீஸ் குமாஸ்தாவே! வருமானச் சான்று, சாதிச் சான்று கேட்டு வரும் தாயை நாளை வா, மறுநாள் வா என்று அலைய விடாதீர்கள். உங்கள் மேஜையில் தூங்கும் ஒரு காகிதம், ஒரு பிள்ளையின் உதவித்தொகை.

பெற்றோரே! வாத்தியாரைப் பார்த்தால் "மார்க் எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். "என் பிள்ளைக்கு எதை வாசிக்கத் தெரியும், எதைத் தெரியாது?" என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் அடுத்த வாரமும் போய்க் கேளுங்கள்.