முதல் சில நிமிடங்களுக்குச் சாட்சி எது?

சென்ற கோடை விடுமுறைக்கு வந்திருந்த என் பேரன் ஒரு கேள்வி கேட்டான். பத்தாம் வகுப்பு படிக்கிறான். பிரபஞ்சம் தோன்றிய முதல் சில நிமிடங்களிலேயே ஹீலியம் உண்டாகிவிட்டது என்று எங்கோ படித்திருக்கிறான். "அப்போ அங்க யாருமே இல்லையே தாத்தா, நிமிஷக் கணக்கு எப்படித் தெரியும்?" என்றான்.

நான் டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் காலம் தள்ளியவன், விஞ்ஞானி அல்ல. ஆனாலும் இதற்கு விடை சொல்ல அந்த அனுபவமே கைகொடுத்தது.

வண்டி தடம் புரண்டால் விசாரணைக்குப் போவோம். நாங்கள் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும். ஸ்லீப்பரில் சக்கரம் பதிந்த குறி, வண்டி நின்ற இடம் இவற்றை அளந்து, அது என்ன வேகத்தில் வந்திருக்கும் என்று கணக்கிடுவோம். அதற்கு ஒன்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். பிரேக் போட்டால் அத்தகைய வண்டி எவ்வளவு தூரத்தில் நிற்கும்? அதைச் சோதனை ஓட்டம் நடத்தி அளந்து வைத்திருப்பார்கள். பிரபஞ்ச விஷயத்திலும் இதே வழிதான். மிஞ்சியிருக்கும் தனிமங்களின் அளவுதான் தடயம். அணுக்கரு வினைகளின் வேகத்தை ஆய்வுக்கூடத்தில் அளப்பதுதான் சோதனை ஓட்டம்.

முதல் நொடியின் முடிவில் வெப்பநிலை சுமார் 1000 கோடி டிகிரி. அதுவரை புரோட்டானும் நியூட்ரானும் ஒன்று மற்றொன்றாக மாறிக்கொண்டிருந்தன. பிரபஞ்சம் விரிந்த வேகத்துக்கு அந்த மாற்றம் ஈடுகொடுக்க முடியாமல் நின்றபோது, ஆறு புரோட்டானுக்கு ஒரு நியூட்ரான் என்ற விகிதம் இருந்தது. இரண்டும் சேர்ந்தால் டியூட்டீரியம், அதாவது கன ஹைட்ரஜன். ஆனால் சேர்ந்த மறுகணமே கடும் ஒளி அதை உடைத்துவிடும். வெப்பம் 100 கோடி டிகிரிக்குக் கீழே இறங்கச் சில நிமிடங்கள் ஆயின. தனித்திருக்கும் நியூட்ரான்களோ சுமார் பத்து நிமிடத்தில் பாதி அழிந்துவிடும் இயல்புடையவை. காத்திருந்த நேரத்தில் விகிதம் ஏழுக்கு ஒன்று ஆயிற்று.

இனி எளிய கணக்கு. 14 புரோட்டான், 2 நியூட்ரான், ஆக 16 துகள்கள். இரண்டு நியூட்ரானும் இரண்டு புரோட்டானுடன் சேர்ந்து ஒரு ஹீலியம் ஆகின்றன. 16-இல் 4, அதாவது எடையில் 25 சதவீதம். மிகப் பழைய வாயு மேகங்களில் காணப்படும் ஹீலியமும் ஏறக்குறைய இதே அளவுதான்!

1948-இல் ஆல்ஃபரும் காமோவும் இந்த வழியில் முதல் கணக்கை வெளியிட்டார்கள். ஆல்ஃபா, பீட்டா, காமா என்று வரவேண்டும் என்பதற்காகவே பேத்தேயின் பெயரையும் காமோவ் வேடிக்கையாகச் சேர்த்துக்கொண்டார். எல்லாத் தனிமங்களும் அப்போதே பிறந்தன என்று அவர்கள் எண்ணியது மட்டும் தவறிப்போயிற்று. ஐந்து துகள்களோ எட்டுத் துகள்களோ கொண்ட நிலையான அணுக்கரு இல்லை. அந்த இடத்தில் பாதை துண்டித்துவிட்டது. சுமார் இருபது நிமிடத்தில் எல்லாம் அடங்கிற்று. கார்பனும் இரும்பும் நட்சத்திரங்கள் பிறக்கும்வரை காத்திருந்தன.

ஹீலியமாக மாறாமல் தப்பிய டியூட்டீரியம்தான் நமக்கு நல்ல சாட்சி. லட்சம் ஹைட்ரஜனுக்குச் சுமார் இரண்டரை வீதம் அது மிஞ்சியது. நட்சத்திரங்கள் அதை அழிக்கின்றனவே தவிர, புதிதாகச் சேர்ப்பதில்லை. அன்று பொருள் அடர்த்தி கூடுதலாக இருந்திருந்தால், வினை விரைவாக நடந்து மிச்சம் இன்னும் குறைந்திருக்கும்.

ஆனால் டியூட்டீரியம் புரோட்டானுடன் சேரும் வேகம் சரியாகத் தெரியாமல் இந்தச் சாட்சியத்தைப் படிக்க முடியாது. அந்த வினை அபூர்வமாக நிகழ்வது. விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களின் இரைச்சலில் அதன் அடையாளம் அமுங்கிவிடும். ஆகவே இத்தாலியில் கிரான் சாஸோ மலைக்கு அடியில், 1400 மீட்டர் பாறையைக் கூரையாகக் கொண்ட லூனா ஆய்வுக்கூடத்தில் அளந்தார்கள். 2020-இல் முடிவு வெளியாயிற்று. பிழை மூன்று சதவீதத்துக்கும் குறைவு. அதிலிருந்து கிடைத்த சாதாரணப் பொருளின் அடர்த்தி, பிளாங்க் விண்கலம் பழைய ஒளியிலிருந்து கண்ட அடர்த்தியோடு ஒத்துப்போகிறது. அந்த ஒளி புறப்பட்டது பிரபஞ்சத்தின் 3,80,000-ஆவது ஆண்டு வாக்கில். இருவேறு காலத்துச் சாட்சிகள் ஒரே வாக்குமூலம் கொடுத்தது போல!

ஒரு சாட்சி மட்டும் இன்னும் முரண்டு பிடிக்கிறது. லித்தியம் கணக்குப்படி இருக்க வேண்டியதில், பழைய நட்சத்திரங்களில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் காணப்படுகிறது. நட்சத்திரங்களே தின்றுவிட்டனவா, நம் கணக்கில் ஏதேனும் விடுபட்டதா என்று இன்னும் தீர்மானமாகவில்லை. விசாரணை அறிக்கையில் பொருந்தாத ஓர் அளவை மறைத்தால் அடுத்த விபத்துக்கு நாமே பொறுப்பு என்று எங்கள் மேலதிகாரி ஒருவர் சொல்வார். விஞ்ஞானிகளும் இதை மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள்.

பேரனிடம் ஒரு தம்ளர் தண்ணீரைக் காட்டினேன். "இதிலிருக்கும் ஆக்ஸிஜன் நட்சத்திரத்தில் பிறந்தது. ஹைட்ரஜனுக்கு வயது 1380 கோடி ஆண்டு" என்றேன். அவன் குடித்துவிட்டு, "அப்போ லித்தியம் எங்க தாத்தா போச்சு?" என்றான்.

அவன் தலைமுறையில் யாராவது கண்டுபிடிக்கட்டும்.